ஒன்பதாவது படியில் யாருமில்லை

…ஏனென்றால் பென்னலூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் மனசு என்கிற உறுப்பு இல்லாமல் பிறந்த ஒரே ஆள் நான்தான், சிலருக்குக் கட்டை விரல் வளைந்திருக்குமே, அந்த மாதிரி ஒரு உடல்வாகு, கொரோனா எனக்கும்தான் வந்தது, இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் படுத்தேன், எழுந்தேன், காலேஜுக்குப் போனேன், முடிந்தது, ஆனால் எங்கள் மாடி ரூமில் குடியிருக்கும் இசக்கிதுரைக்கு மனசு இருக்கிறது, அதுவும் ரிப்பேரான மனசு, காய்ச்சல் போயும் அது மட்டும் போகவில்லை, அதைச் சரிபண்ண ஒரு டாக்டரம்மா புதன்தோறும் மூன்று மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து வீடியோவில் வருகிறார், வருவது என் போனில், ஏனென்றால் அவன் போனில் பாதி டிஸ்ப்ளே கறுப்பு, முதல் வாரம் டாக்டரம்மாவின் ஒரு கண் மட்டும்தான் தெரிந்ததாம். போனைக் கொடுத்துவிட்டு நான் படிக்கட்டில் காவல், துணி காயப்போட அம்மா ஏறி வந்துவிடாமல். கீழிருந்து ஒன்பதாவது படி. மாடி ஏறும்போதெல்லாம் இதில் உட்காருவேன், மூச்சு வாங்குகிறது என்று அம்மா நினைக்கிறாள், நான் உட்காருவது சிந்திக்க… பதினாறு படியில் சிந்தனை சரியாக ஒன்பதில்தான் வருகிறது, அதற்கு நான் என்ன செய்ய?

"பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா தம்பி?" "யாருமில்ல மேடம்." அந்த யாருமில்லை நான்தான், ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான், தகர ஷீட் சூட்டுக்குக் கதவையும் திறந்து வைத்திருக்கிறான், கேட்காதே என்றால் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது? "கம்பெனி லைன்ல பஸ்ஸர் அடிச்சா ஆஸ்பத்திரி மிஷினு சத்தம் மாதிரியே கேக்கு மேடம், கையில இருக்கத போட்டுட்டு ஓடிருதேன்." மூன்று முறை ஓடியிருக்கிறான், ஒருமுறை கேன்டீன் தாண்டி. "திங்கக்கெழம மறுபடி லைன்ல நிக்கணும். இன்னொரு தடவ ஓடினா அப்படியே ஊருக்கே ஓடிருன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு." நல்ல சூப்பர்வைசர், திசையாவது காட்டுகிறார். பத்துக்கு எவ்வளவு கஷ்டம் என்று கேட்டார் டாக்டரம்மா. எட்டு, டீ குடிச்சா ஏழு, என்றான். பிறகு போன புதன் சொல்லிக்கொடுத்த அந்த வித்தை, ரெண்டு கையையும் நெஞ்சில் குறுக்கே வைத்து, மாற்றி மாற்றித் தோளில் தட்டுவது, பட்டாம்பூச்சியாம்… எழுந்து எட்டிப் பார்த்தேன், தோப்புக்கரணம் போட வந்தவன் காது கிடைக்காமல் களைத்துப்போனது போல உட்கார்ந்திருந்தான், மீசை வைத்த பட்டாம்பூச்சி. போன வாரம் முழுக்க எதிரில் பார்க்கும்போதெல்லாம் தோளைத் தட்டிக் காட்டினேன், ஃபேன் ஓடுது, பறந்துடாதடா என்றேன், "போலே, சவத்து மூதி" என்றான், அதோடு சரி. இப்போது டாக்டரம்மா, "பாதுகாப்பா தோணுற ஒரு இடத்த மனசுல கொண்டு வாங்க, கடற்கரை, மலை, எதுவா இருந்தாலும் சரி." இசக்கிதுரை யோசிக்கவே இல்லை. "அசெம்ப்ளி பாயிண்ட், மேடம்." சிரிப்பை அடக்க முழங்காலைக் கடித்தேன், தீ விபத்து ஒத்திகைக்கு எல்லாரும் ஓடிவந்து நிற்கிற அந்த மொட்டை வெயில் இடம், ஒரு பச்சைப் பலகை, கடலையும் மலையையும் விட்டுவிட்டு… டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அங்க என்ன நடக்கும்?" "தல எண்ணுவாவ மேடம். ஒரு ஆளு கொறஞ்சாலும் விடமாட்டாவ, உள்ள போய்த் தேடுவாவ. ஆஸ்பத்திரில யாரும் எண்ணல."

யாரும் எண்ணவில்லையா, நாங்கள் எண்ணினோமே… பக்கத்துக் கட்டில் பலராமன், பிள்ளைப்பாக்கத்துக்காரர், முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், பேச முடியாது, காலையில் கண் விழித்ததும் ரெண்டு பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கை தூக்குவோம், அட்டெண்டன்ஸ், பத்தொன்பதாம் நாள் நான் தூக்கினேன், அவர் தூக்கவில்லை, மனுஷன் கலாய்க்கிறார் என்று நினைத்துக் கையை இறக்காமலே இருந்தேன், எவ்வளவு நேரம்? நர்ஸ் வந்துதான் இறக்கிவிட்டார். அதற்கும் இந்தப் படிக்கும் சம்பந்தமில்லை, இது சிந்தனை, மேலே "தட்டுங்க, இடது, வலது, மெதுவா" என்கிறார் டாக்டரம்மா, கீழேயிருந்து அம்மா, "டேய் திருமலை, இன்னாடா பண்ணிக்கினு கீற அங்க?" "சும்மா குந்திக்கினு கீறேம்மா…"

"என்ன மக்கா, குளிருதா?" நிமிர்ந்தால் இசக்கிதுரை, கையில் என் போன், பேச்சு எப்போது முடிந்தது? மே மாதம், மூன்றே முக்கால் மணி, படியில் அப்பளம் பொரிக்கலாம். "ஆமாடா," என்றேன், "குளிருது." ஏன் கேட்கிறான் என்று குனிந்து பார்த்தேன், என் ரெண்டு கையும் நெஞ்சில் குறுக்கே கிடந்து தோளைத் தட்டிக்கொண்டிருந்தன. ஒரு வாரக் கிண்டலையும் சேர்த்து அவன் திருப்பித் தந்திருக்கலாம். தரவில்லை. பத்தாவது படியில் உட்கார்ந்தான், விரலால் தன் நெஞ்சைத் தொட்டான், என் மண்டையில் ஒரு குட்டு வைத்தான். "ஒண்ணு… ரெண்டு. எல்லாரும் இருக்கோம்ல." திங்கட்கிழமை பஸ்ஸர் அடித்தால் இவன் நிற்பானா, அவனுக்கே தெரியாது, எனக்கு எப்படித் தெரியும்… கையை எடுக்கலாம் என்றுதான் பார்க்கிறேன், இடது, வலது, இதை எப்போது நிறுத்த வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது நான் கவனிக்கவில்லை.