முழு எடைச் சோதனை

டிரெட்மில் பார்க்கப் போன கடைகளிலெல்லாம் டீச்சருக்கு நாற்காலி கிடைத்தது. அந்த விஷயத்தில் யாரையும் குறை சொல்ல முடியாது. இடுப்பெலும்பு ஒடிந்து ஆபரேஷன் ஆனவள், கையில் ஊன்றுகோல். பார்த்ததும் இழுத்துப் போட்டுவிடுவார்கள். அவள் உட்கார்ந்துகொள்வாள், அவள் கணவர் மெஷினில் ஏறி ஓடுவார்.

டாக்டர் சொன்னது ரொம்பச் சின்ன விஷயம். "தினமும் கொஞ்சம் கொஞ்சமா நடங்கம்மா. வீட்டுக்குள்ளேயே போதும். அடுத்த தடவை கோல் இல்லாம வரணும். இப்ப விட்டுட்டீங்கன்னா கால் அப்படியே பழகிடும், அப்புறம் காலத்துக்கும் கோல்தான்." கோல் ஊன்றிக்கொண்டு கணக்கு வகுப்புக்குள் நுழைய டீச்சருக்குத் துளியும் மனசில்லை. கணவரோ, "இதுக்கா கவலைப்படுற? நல்லதா ஒரு டிரெட்மில் வாங்கிப் போட்டுடுவோம்" என்றார். அன்றைக்கே ஏதோ ஒன்றை வாங்கித் தொலைத்திருக்கலாம்.

ஆனால் மனிதர் லேசுப்பட்டவரா? லிஃப்ட் இன்ஸ்பெக்டர். புதுக் கட்டடத்தில் இவர் தலையாட்டிய பிறகுதான் ஜனம் லிஃப்டில் கால் வைக்கலாம். தாங்கும் எடைக்கும் மேலே மூட்டைகளை ஏற்றி, முழு வேகத்தில் இறக்கி, நடுவழியில் பிரேக் போட்டுப் பார்ப்பார். "அதிகபட்சத்தைத் தாங்கிட்டா மிச்சத்தைத் தாங்காதா?" என்பதுதான் அவருடைய வேதம். அந்த வேதத்தை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். ஒன்றில் மோட்டார் முனகுகிறது என்றார், இன்னொன்றில் கைப்பிடி ஆடுகிறது என்றார். டீச்சர் நாற்காலி நாற்காலியாக மாறி உட்கார்ந்தாள். கால் மரத்ததுதான் மிச்சம்.

கடைசியில் ஊரிலேயே ஒசத்தியான கம்பெனி ஒன்றின் ஷோரூம். ஏசி குளிரில் டீச்சர் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். விற்பனையாளன், "சார், இது பெரிய ஓட்டக்காரங்க வீட்ல வாங்கிப் போடுறது" என்றான். கேட்கவேண்டுமா? வேகத்தை உச்சிக்குத் தள்ளி, சட்டை நனைய ஓடினார் மனிதர். இறங்கித் தரையில் மண்டியிட்டு மோட்டார் பக்கம் காதை வைத்தார். மறுபடி ஏறித் தொப்புத் தொப்பென்று குதித்தார். விற்பனையாளன் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னங்க, நான் ஒரு தடவை ஏறிப் பார்க்கட்டுமா?"

"உட்காரு நீ. சோதனை முடியாத மெஷின்ல ஆளை ஏத்துவேனா? அதுவும் உன்னையா?"

டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டாள். வாங்கப்போவது யாருக்கு என்று வாய் வரை வந்தது. கடையில் வைத்து மானத்தை வாங்கவேண்டாமே என்று விழுங்கிவிட்டாள்.

மெஷின் வந்து இறங்கியபோது ஹாலில் பாதி காணாமல் போயிற்று. சோபா சுவரோடு ஒட்டிக்கொண்டது. அப்போதாவது விட்டாரா? டீச்சரின் தம்பியை வரவழைத்தார். வஞ்சனையில்லாத உடம்பு தம்பிக்கு. போதாதென்று அவன் தோளில் ஒரு அரிசி மூட்டை.

"அத்தான், நான் அக்காவைப் பார்க்க வந்தேன். மூட்டை தூக்க வரல."

"பேசாம நட மாப்ளே. இப்ப நிறுத்தப்போறேன், பிடிச்சுக்க."

தம்பிக்கு நாக்கு தள்ளியது. மெஷின் அசரவில்லை. கணவர் கைகளைத் தட்டிக்கொண்டு, "பாஸ்! இப்ப நீ வா" என்றார், கல்யாண மேடைக்குக் கூப்பிடுவதுபோல.

டீச்சர் கோலைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ஏறினாள். அவர் பொத்தானை அழுத்தினார். பெல்ட் காலடியில் உருவிக்கொண்டு ஓடியது. நல்ல கால் போய்விட்டது, ஆபரேஷன் ஆன கால் வரவில்லை.

"ஐயோ, குறைங்க! வேகத்தைக் குறைங்க!"

"இதுதாம்மா ஆகக் குறைச்சல். இதுக்குக் கீழே இல்ல."

அவள் கைப்பிடியில் தொங்கினாள். அவர் பாய்ந்து, அவசரத்துக்கு நிறுத்துவதற்கென்று மாட்டியிருந்த சிவப்புப் பட்டையைப் பிடுங்க, மெஷின் நின்றது. தம்பி அவளைத் தாங்கி இறக்கினான்.

"இதைவிட மெதுவா ஓடுற மாடல் இருக்கும். இரு, ஷோரூம்ல கேக்குறேன்" என்று அவர் போனை எடுத்ததுதான் தாமதம், டீச்சருக்கு வந்ததே கோபம்!

"போனைக் கீழே வைங்க! எத்தனை கடை? எத்தனை மெஷின்? எவ்வளவு வேகமா ஓடும்னு பார்த்தீங்க, எவ்வளவு மெதுவா ஓடும்னு ஒரு கடையிலயாவது கேட்டீங்களா? என்னை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஏத்திப் பார்த்தீங்களா? நான் உங்க அதிகபட்சம் இல்லைங்க. என்னால முடியுறது இவ்வளவுதான். அடுத்த வாரம் டாக்டர்கிட்ட கோலோடதான் போய் நிக்கப்போறேன்!"

தம்பி மூட்டையையும் அவள் கோலையும் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு நழுவினான்.

கணவர் போனைச் சட்டைப்பையில் போட்டார். "பாத்ரூம்ல நீ விழுந்து கிடந்ததைப் பார்த்தவன் நான். இன்னொரு தடவை விழுந்துடக்கூடாதுன்னு..." அது அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, போன நாள் திரும்பி வருமா?

அவர் முழங்கையை நீட்டினார். அவள் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டாள். ஹாலில் நேராக நடக்க வழியில்லை, மெஷின் அடைத்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றித்தான் நடக்கவேண்டியிருந்தது. அவர் இரண்டே எட்டில் முந்திப் போனார்.

"மெதுவா! நீங்களும் அந்த மெஷின் மாதிரியே இழுக்குறீங்க."

அவர் நின்றார். அவளுடைய அந்தக் கால் வந்து சேரும்வரை நின்றார். பிறகு ஒரு எட்டு, மறுபடி நின்றார். இப்படி ஒரு சுற்று முடிந்தபோது அவள் நெற்றி வியர்த்திருந்தது. கோல் சமையலறையில் இருந்தது.

"இதைத்தானே டாக்டர் அன்னிக்கே சொன்னாரு?" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"பேசாம நடங்க" என்றாள் டீச்சர்.