உபதேசியாரின் முன்னோர்

சவரக்கத்தியும் கிண்ணத்தில் தண்ணீருமாக நாத்தனார் உலோமா எதிரே வந்து உட்கார்ந்ததும், எகெம்மா முக்காட்டை இறுக்கிக்கொண்டாள். புருஷன் சில்வானுஸின் சவப்பெட்டி கூடத்தில் இருந்தது.

"தலையக் காட்டு எகெம்மா. பெட்டி கோவிலுக்குக் கெளம்புறதுக்குள்ள மழிச்சாகணும்."

"மாட்டேன் மதினி."

கொழுந்தன் பர்னபாஸ் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். பங்குக் கோவில் உபதேசியார் அவர். கழுத்தில் செபமாலை, குரலில் எப்போதும் பிரசங்கம்.

"புருசன் செத்தவ தலைமயிரோட நடந்தா எங்க முன்னோருங்க சும்மா விடமாட்டாங்க அண்ணி. குடும்பமே அழிஞ்சுபோயிரும்."

அழுத கண்ணோடு எகெம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே பர்னபாஸ்தான் போன ஈஸ்டரில், மாமனார் ஒகெரெகே விட்டுப்போன ஓஃபோக் கோலை முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார். காலைதோறும் அந்தக் கோலை ஏந்தி, மண்ணில் கள்ளை ஊற்றி, முன்னோரைப் பெயர் சொல்லி அழைப்பார் கிழவர். அது சாத்தான் வேலையாம். சகல ஆத்துமாக்கள் பூசைக்கு அவள் கொடுத்த பட்டியலிலும், ஞானஸ்நானம் வாங்காத ஆள் என்று கிழவர் பெயரை அடித்துவிட்டார்.

"எந்த முன்னோரு கொழுந்தனாரே? நீங்க கொளுத்துனவங்களா?"

முற்றத்தில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

"அது வேற, இது வேற! அது அஞ்ஞானம். இது வழக்கம்."

"உங்க பொஞ்சாதி செத்தப்ப உங்க தலைல ஒரு மயிராவது கொறஞ்சுதா?"

உலோமாவின் கை நின்றது. அவளும் விதவைதான். அவளை மழித்த அன்று கத்தி கீறிய தழும்பு நெற்றியோரம் இன்னும் இருக்கிறது. கத்தியை மடக்கினாள்.

"நீயே செரைச்சுக்கோ தம்பி," என்று எழுந்து போனாள்.

அந்தக் கத்தியை ஆண் தொடக் கூடாது. அதுவும் வழக்கம்தான்.

பின்னிய தலையோடு பெட்டிக்குப் பின்னால் நடந்தாள் எகெம்மா. கோவிலில் பர்னபாஸ் மன்றாட்டுமாலை தொடங்கினார். எந்தக் காலத்திலோ எந்த நாட்டிலோ செத்துப்போனவர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"புனித ஆசீர்வாதப்பரே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்று சனம் ராகம் இழுத்தது.

அவர் மூச்சு வாங்கிய இடத்தில் எகெம்மா குரல் எடுத்தாள்.

"ஒகெரெகேயே!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்றது கோவில் முழுவதும்.

பழக்கதோஷம். உபதேசியாரின் வாயும் சேர்ந்தே சொன்னது.