சொன்ன பேச்சு கேட்காத சத்தம்

என் மகளின் தொண்டையில் ஒரு சத்தம் குடிவந்தது. 'ஹுக்' என்று. அது விக்கலும் இல்லை, இருமலும் இல்லை. ஒரு ஹுக், உடனே கண்ணை இறுக்கி ஒரு சிமிட்டல், கொஞ்சம் இடைவெளி, மறுபடியும் ஹுக். சாப்பிடும்போது வரும், பொம்மைக்குச் சட்டை மாட்டும்போது வரும், வாசலில் யாராவது புது ஆள் வந்து நின்றால் இன்னும் வேகமாக வரும். தூங்கும்போது மட்டும் வராது. அவளுக்கு வயது நான்கரை. வீட்டில் எல்லோருக்கும் அவள் வாண்டு.

நான் பாட்டில் நிரப்பும் ஆலையில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவன். படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு அங்கே கிடைத்த வேலை, ஓடும் பெல்ட்டின் ஓரமாக நடந்துகொண்டே காது கொடுப்பது. இயந்திரம் ஒரே சீராக இரைந்தால் நல்லது. அந்த இரைச்சலுக்குள் 'டக், டக்' என்று ஒன்று திரும்பத் திரும்பக் கேட்டால் எங்கோ ஒரு பேரிங் தேய்கிறது. உடனே நிறுத்த வேண்டும், கழற்ற வேண்டும், கண்டுபிடிக்க வேண்டும். விட்டுவைத்தால் மொத்த லைனும் படுத்துவிடும். இந்தப் புத்தியோடுதான் காலையில் வீட்டுக்கு வந்து பாயை விரிப்பேன். கூடத்திலிருந்து ஹுக்.

ஆகவே கழற்ற ஆரம்பித்தேன். பால் சளி கட்டுகிறது என்று பாலை நிறுத்தினேன். டிவியை நிறுத்தினேன். தலையணையை மாற்றினேன். ஃபேனில் தூசி என்று ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்தேன். தொண்டை பார்க்கிற டாக்டர், கண் பார்க்கிற டாக்டர் இருவரும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. சத்தம் வருகிற இயந்திரத்தைப் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று சொன்னால் எங்கள் ஆலையில் சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

கடைசியாகக் குழந்தைகள் டாக்டரிடம் போனோம். அந்தம்மா எங்களோடு பேசியபடியே, வாண்டு மேஜைக்கடியில் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறைய பிள்ளைங்களுக்கு வர்றதுதான். வேணும்னு பண்றது இல்ல. தும்மல் மாதிரி வெச்சுக்குங்க. கொஞ்ச நேரம் அடக்கலாம், அப்புறம் வந்தே தீரும். பெரும்பாலும் தானாப் போயிடும். நிறுத்துன்னு மட்டும் சொல்லாதீங்க. கவனிக்காத மாதிரி இருங்க."

"காதுல விழுதே டாக்டர். எப்படிக் கவனிக்காம இருக்கறது?"

"உங்க மாமியார் பேசும்போது எப்படி இருப்பீங்க?"

என் மனைவி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எதற்கென்று தெரியாமலே வாண்டும் அம்மாவுக்குத் துணையாகச் சிரித்தாள்.

அன்றிலிருந்து மனைவி அந்தச் சத்தத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. அவள் பகலில் சட்டை தைக்கும் கம்பெனிக்குப் போய்விடுவாள். அந்த நேரத்தில் வாண்டைப் பார்த்துக்கொள்வது அவள் தங்கை, என் மச்சினி. அவளும் கண்டுகொள்ளவில்லை. என்னால் மட்டும் முடியவில்லை. டாக்டர் சொன்னது மண்டைக்குப் புரிந்தது, காதுக்குப் புரியவில்லை.

ஒரு நாள் ஷிஃப்ட் மாற்றிவிட ஆள் வராமல், நண்பகல் வரை நின்று ஓய்ந்துபோய் வந்தேன். வாண்டு கூடத்தில் உட்கார்ந்து வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். ஹுக்.

"வாண்டு, அப்பா கொஞ்சம் தூங்கணும். அந்தச் சத்தமே வரக் கூடாது. சமத்தா இருப்பியாம்."

"சரிப்பா" என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சமையலறையிலிருந்து மச்சினி எட்டிப் பார்த்தாள். "மாமா, டாக்டர் என்ன சொன்னாங்க?"

"டாக்டரா நைட் ஷிஃப்ட் பாக்கறாங்க?"

"அவங்களும்தான் பாக்கறாங்க. உங்கள மாதிரி ஊரக் கூட்டறதில்ல."

கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். அடித்துப் போட்டதுபோல் தூக்கம்.

எங்கள் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு கோளாறு உண்டு. சத்தத்தில் நன்றாகத் தூங்குவோம். இடைவேளையில் கம்ப்ரஸருக்குப் பக்கத்திலேயே தலை சாய்ப்போம், ஒன்றும் ஆகாது. அது நின்றால்தான் அலறியடித்துக்கொண்டு எழுவோம். அன்று நான் அப்படித்தான் எழுந்தேன். லைன் நின்றுவிட்டது என்ற நினைப்போடு செருப்பைத் தேடினேன். அப்புறம்தான் வீடு என்று உறைத்தது. எது நின்றது என்று யோசித்தேன். ஹுக் இல்லை.

அதுவரை அந்தச் சத்தம் என்னைத் தூங்கவிடுவதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

கூடத்துக்கு வந்தேன். வர்ணக் குச்சிகள் தரையில் கிடந்தன. வாசல் கதவு திறந்திருந்தது. வெளியே தூறல். மச்சினி துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போயிருப்பாள், வாண்டும் கூடப் போயிருக்கும் என்று நினைத்தேன். திரும்பவும் போய்ப் படுக்கத்தான் இருந்தேன். ஒரு மாதிரியாக இருந்ததால் நின்றேன். துணி மூட்டையோடு மச்சினி மட்டும் இறங்கி வந்தாள்.

"வாண்டு எங்க?" என்றேன்.

"உங்க பக்கத்துல படுத்திருக்கான்னு நெனச்சேன். ரொம்ப நேரமா சத்தமே இல்லையே."

துணி கீழே விழுந்தது. அவள் தெருவுக்கு ஓடினாள். நான் குளியலறை, கட்டிலடி, சமையலறை எல்லாம் பார்த்தேன். "வாண்டு! வாண்டு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பதில் இல்லை. மச்சினி மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். "தெருவுல இல்ல மாமா. கடைக்காரரும் பாக்கலைங்கறாரு." அழ ஆரம்பித்தாள்.

"அழாத. பேசாம நில்லு" என்றேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். அசையாமல் நின்று காது கொடுத்தேன். தூறல். மேல்வீட்டு மிக்ஸி. அதுவும் நின்றது. வாழ்நாளில் எந்தச் சத்தத்துக்கும் நான் அப்படிக் கெஞ்சியதில்லை.

ஹுக்.

கனமான எதையோ போர்த்தியது மாதிரி, உள்ளடங்கி. திறந்திருந்த வாசல் கதவுக்குப் பின்னால் இருந்த இரும்பு பீரோவிலிருந்து வந்தது. பீரோவின் கதவைச் சாத்தினால் கைப்பிடி தானாக விழுந்து மாட்டிக்கொள்ளும், உள்ளேயிருந்து திறக்க முடியாது. கைப்பிடி விழுந்திருந்ததால் நாங்கள் இருவருமே அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

திறந்தேன். கீழ்த்தட்டில், மடித்த போர்வைகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது, முகம் சிவந்திருந்தது. வாயில் போர்வையின் நுனி. என்னைப் பார்த்ததும் அதை எடுத்தாள்.

"சாரிப்பா. அது தானா வந்துடுச்சு."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மச்சினிதான் அவளைத் தூக்கினாள். "ஏன்டி தங்கம் உள்ள போன?"

"இங்க சத்தம் போட்டா அப்பாவுக்குக் கேக்காதுல்ல. அப்புறம் கதவு வரல."

"அப்பா அவ்ளோ கத்தினாரே, வாயத் தொறந்திருக்கலாம்ல?"

"சத்தமே வரக் கூடாதுன்னாரே."

அவ்வளவுதான் விஷயம். என் மகள் நான் சொன்னதைக் கடைசி வரைக்கும் கேட்டாள். மூச்சு முட்டியும் கேட்டாள். அவள் தொண்டையில் குடியிருந்த அந்த ஒன்று மட்டும் கேட்கவில்லை. நான் பாலை நிறுத்திய, தலையணையை மாற்றிய, விரட்ட ஆள் தேடிய அதே சத்தம்தான் எனக்கு அவளை எடுத்துக் கொடுத்தது. எனக்குச் சாமி கும்பிடும் பழக்கம் இல்லை. நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் தண்ணீர் எடுத்துவந்து அவளுக்குக் கொடுத்தேன். குடித்தாள். ஹுக். டம்ளர் அதிர்ந்து என் சட்டையெல்லாம் தண்ணீர்.

"பரவால்ல. வரட்டும்" என்றேன்.

"எவ்ளோ வரலாம்?"

"உனக்கு எவ்ளோ வருதோ, அவ்ளோ."

என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பார்க்கத்தானே செய்வாள்.

நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பீரோவின் கைப்பிடியைக் கழற்றி அந்தக் கதவு இனி மாட்டிக்கொள்ளாதபடி செய்தேன். அந்த வீட்டில் கழற்ற வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

சாயங்காலம் மனைவி வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் வாண்டு முந்திக்கொண்டாள். "அம்மா, நான் பீரோக்குள்ள..." ஹுக். "பீரோக்குள்ள போயி..." ஹுக், சிமிட்டல். ஒவ்வொரு தடங்கலுக்கும் தொடக்கத்துக்கே திரும்பிப் போனாள். நான் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்று ஜாடை காட்டினாள். நான் அசையவில்லை. போர்வை நாற்றம் அடித்ததையும், அப்பா தரையில் தொப்பென்று விழுந்ததையும் அவள் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்து கேட்டேன். விழுந்ததை நடித்தும் காட்டினாள்.

ஆலை வாசலில் சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "என்னய்யா, ஆடி அசைஞ்சு வர்ற?"

"பொண்ணு பேசிட்டிருந்தா சார்."

"பேசி முடிக்கட்டும்னு உக்காந்திருந்தியாக்கும்?"

"ஆமா சார்" என்றேன்.