கிடைத்த இடம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம், ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு பஜ்ஜிக் கடை. சாரலுக்கு ஒதுங்கி நின்றபோது ஸ்ரீதேவி சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "எழுதிராதீங்கக்கா" என்றாள். அப்படிச் சொன்னால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? பெயர்களை மட்டும் மாற்றிவிட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

அலைகள் ஓயாத அந்தக் கடற்கரையில் ஸ்ரீதேவி தன்னந்தனியாக

அடித்துவிட்டேன். தென்காசியில் ஏது கடல்? ஸ்ரீதேவி இருப்பது மேலகரத்தில். ஒரு கல்லூரியில் விலங்கியல் கௌரவ விரிவுரையாளர். அடுத்த வருஷமும் கூப்பிடுவார்களா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டே பாடம் நடத்துகிறவள். கடல் மண்ணைக் கொண்டுவந்து, நுண்ணோக்கியின் கீழே பரப்பி, கண்ணுக்குத் தட்டுப்படாத நத்தைகளைத் தேடுவது அவள் கிறுக்கு.

2

போன ஆனி மாதம் மாமியார் மூக்கம்மாளோடு ராமேஸ்வரம் போனாள். மூக்கம்மாளுக்குக் காசி யாத்திரை. ராமேஸ்வரத்துக் கடல் மண்ணை எடுத்துப்போய்க் கங்கையில் கரைக்க வேண்டும் என்பது முறை. அவள் அக்னி தீர்த்தத்தில் ஒரு பை அள்ளினாள். ஸ்ரீதேவி தனுஷ்கோடிக்குப் போய், பாசி ஒதுங்கிய இடமாகப் பார்த்து ஒரு பை அள்ளினாள். வீட்டுக்கு வந்ததும் இரண்டும் மொட்டைமாடியில் தனித்தனிப் பேப்பரில் காய்ந்தன.

மூக்கம்மாள் காசிக்குப் போய் வந்த பிறகு, தன் மண்ணில்தான் ஸ்ரீதேவி அதைக் கண்டாள். கடுகில் பாதி. வெள்ளை. நாலே சுற்று, வாயோரத்தில் ஒற்றைப் பல். ஈரத் தூரிகையின் நுனியில் ஒட்டி எடுக்கும்போது மூச்சு விடக்கூடப் பயம். விட்டால் பறந்துவிடும். இருப்பது ஒன்றே ஒன்று.

(நத்தை உள்ளே இல்லை, வெறும் ஓடுதான். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.)

மாதக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்தாள். இதுவரை யாரும் பெயர் வைத்து எழுதாத நத்தை. நெல்லைக்குப் போய்ப் பெரிய மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்தாள். கட்டுரையும் முடிந்துவிட்டது. இதற்குள் வேறு எவராவது முந்தியிருப்பார்களோ என்று விடிந்ததும் போனைத்தான் பார்ப்பாள்.

3

அனுப்புவதற்கு முந்தின நாள் அடுக்களையில்:

"அத்தை, இந்த நத்தைக்கு ஒங்க பேரத்தான் வைக்கப் போறேன். அன்னைக்கு மழையில மாடிக்கு ஓடிப்போய்க் காயப்போட்ட மண்ணைக் காப்பாத்துனது நீங்கதான?"

மூக்கம்மாள் அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயைக் கீழே வைத்தாள்.

"எம் பேரையா? ஏட்டி, அது ஒன் மண்ணுல கெடந்ததுன்னு எப்படிச் சொல்லுத?"

"ஏன் அத்தை?"

"சாரல் பொசுக்குன்னு வந்துட்டுல்லா. ரெண்டு மண்ணையும் ஒரே சருவச்சட்டில அள்ளிட்டேன். பொறவு பாதி ஒனக்கு, பாதி காசிக்குன்னு பிரிச்சு வச்சேன். எல்லாம் சேது மண்ணுதான?"

ஸ்ரீதேவி அங்கேயே போனில் கட்டுரையைத் திறந்து, 'கிடைத்த இடம்' என்ற வரியைத் தேடினாள்.

(இங்கே ஒரு விளக்கம். புது உயிருக்குப் பெயர் வைக்கிறவர், அது கிடைத்த இடத்தையும் எழுதியாக வேண்டும். பின்னால் தேடி வருகிறவர்கள் அதை நம்பித்தான் வருவார்கள். அவள் எழுதியிருந்தது: தனுஷ்கோடி.)

அந்த நத்தைக்குக் கூடப்பிறந்தவை இருந்திருந்தால், அவை கங்கையில் கரைந்தாயிற்று.

4

முதல் பிரதியில் மூக்கம்மாளை ஒன்றும் தெரியாத அப்பாவியாக எழுதியிருந்தேன். அது தப்பு. மருமகள் முகம் வெளுத்ததுமே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. தன் பங்குக்கு அவளும் பயந்தாள்.

"அப்ப நான் கரைச்சதுல பாதி தீர்த்த மண்ணு இல்லியா? சாமி ஏத்துக்கிட்டிருக்குமா?"

"தனுஷ்கோடிதான் அத்தை ஆதி சேது. அதுல கூடுதல் புண்ணியம்" என்றாள் ஸ்ரீதேவி. மாமியாருக்கு ஆறுதல் சொல்ல அவள் இருந்தாள். அவளுக்குச் சொல்லத்தான் ஆளில்லை.

கட்டுரையை நிறுத்திவைத்தாள். இரண்டு கரைக்கும் திரும்பப் போய் மண் அள்ளி வந்து, கண் பூத்துப்போகும்வரை தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. இரண்டு மண்ணும் கலந்துவிட்டது என்று உள்ளதை எழுதினால், மருமகளும் மாமியாரும் நடத்திய ஆராய்ச்சி என்று சிரித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தனுஷ்கோடி என்றே விட்டுவிட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியாது, ஒருத்தியைத் தவிர.

அந்த ஒருத்தி ஒருநாள் தானாகவே வந்து நின்றாள். காசிக்குப் போனவர்கள் தமக்குப் பிடித்த ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பார்கள். மூக்கம்மாள் விட்டது பாகற்காய். பிறந்ததிலிருந்தே அவளுக்கு அது ஆகாது.

"ஏட்டி, நான் காசியில பாவக்காயத்தான் விட்டேன். பொய்ய விடல. யாரு கேட்டாலும் மண்ணு கலக்கலன்னே சொல்லுதேன். நீ அனுப்பு."

ஸ்ரீதேவி அழுதுவிட்டாள். பஜ்ஜிக் கடையில் இதைச் சொல்லும்போதும் அழுதாள்.

5

முடிவு ஒன்று: தனுஷ்கோடி என்றே அனுப்புகிறாள். மூக்கம்மாளின் பெயர் உலகமெங்கும் போகிறது. பல வருஷம் கழித்து எவளோ ஒரு பெண் அந்தக் கரையில் குந்தியிருந்து மண்ணைச் சலித்துச் சலித்து, ஒன்றும் கிடைக்காமல் தன் கண்ணையே

முடிவு இரண்டு: உள்ளதை எழுதுகிறாள். கட்டுரை திரும்பி வருகிறது. அதற்குள் வேறு யாரோ

இரண்டையும் முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மழை விட்டதும் ஸ்ரீதேவி, "நாளைக்கு அனுப்பிருவேன்க்கா" என்று பஸ் ஏறிப் போய்விட்டாள். எதை எழுதி என்று நானும் கேட்கவில்லை.

கிடைத்த இடம்: ______________

நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். நிரப்புவதற்கு முன் எதை விடப்போகிறீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பாகற்காய் கணக்கில் சேராது.