பொந்துக்குள் விட்ட கை

வௌவால் கடித்து மூன்று நாளாகியும் அருமைநாதன் வாய் திறக்கவில்லை. திறந்தால் அது ஏன் கடித்தது என்றும் சொல்ல வேண்டி வரும். அதுதான் தொல்லை.

பிரெஞ்சு பேசும் லவால் நகரில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வளவில் ஒரு கிழட்டு மேப்பிள் மரம் நின்றது. பொழுதுபடும் நேரம் அதன் பொந்திலிருந்து வௌவால்கள் ஒவ்வொன்றாய்க் கிளம்பும். மகள் ஆர்த்திகாவுக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு. அவள் மூச்சுக்குத் திணறும்போது பார்த்துக்கொண்டிருக்க முடியாது. முட்டுக்கு வௌவால் இறைச்சி கைகண்ட மருந்து என்று ஊரில் சொல்லக் கேட்டே அவர் வளர்ந்தவர். மனைவி யோகராணியிடம் இதைச் சொன்னபோது, "உங்களுக்கென்ன மூளை கழண்டுபோச்சே? அவளுக்கு மூச்சுக்கு இழுக்கிற பம்ப் இருக்குத்தானே" என்று வாயை அடைத்துவிட்டாள்.

மனுசன் கேட்டால்தானே. ஞாயிற்றுக்கிழமை அவள் வேலைக்குப் போனதும் ஏணி வைத்து ஏறிப் பொந்துக்குள் கையை விட்டார். ஊர் வௌவாலை நினைத்துச் சட்டியெல்லாம் கழுவி வைத்திருந்தார். கையில் வந்ததோ பெருவிரலளவு. ஒரு வாய்க்கும் காணாது. அது சுட்டுவிரலில் ஊசியாய்க் குத்த, பதறிக் கையை உதறினார். அது பறந்தோட, பொந்திலிருந்து வேறு ஏதோ ஒன்று கீழே விழுந்தது. மரப்பட்டை என்று நினைத்துக்கொண்டு இறங்கினார்.

புதன்கிழமை பின்னேரம் தபாலில் ஒரு துண்டுப்பிரசுரம் வந்தது. மேலே வௌவால் படம். அவருடைய பிரெஞ்சு பொன்ஜூர், மெர்சியோடு சரி. ஆர்த்திகாவை வாசிக்கச் சொன்னார்.

"வௌவால் கடிச்சா, விசர்நாய் கடிச்சா வாற வருத்தம் வரலாமாம் அப்பா. வருத்தம் தொடங்கினாப் பேந்து ஒண்டும் செய்யேலாதாம். காயம் தெரியாட்டியும் உடனே இந்த நம்பருக்கு அடிச்சுக் கேட்டு ஊசி போடவேணுமாம்."

விசர் பிடித்தால் தண்ணீர் தொண்டையில் இறங்காது என்று ஊரில் சொல்வார்கள். தண்ணீர் குடித்துப் பார்த்தார், இறங்கியது. நம்பாமல் இன்னொரு தரம் குடித்தார். யோகராணி வர இன்னும் நாலு மணித்தியாலம் இருந்தது.

"பிள்ளை, அதில கிடக்கிற நம்பருக்கு அடி. நான் சொல்லுறதைப் பிரெஞ்சில சொல்லு."

ஒரு தாதி எடுத்தாள். எங்கே கடித்தது, எப்போது கடித்தது என்று ஆர்த்திகா கேட்டுக் கேட்டுச் சொன்னாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள். "ஏன் கையை விட்டனீங்கள் எண்டு கேக்கிறா."

அவருக்கு வெட்கமாயிருந்தது. "உன்ர முட்டுக்கு. கறி வைக்க."

அவள் சிரிக்கவில்லை. தாதியிடம் மெதுவாய் ஏதோ சொன்னாள். தாதி இன்னொன்று கேட்டாள். அதை அவள் தமிழில் சொல்லவில்லை. முகம் வெளிறிப்போயிற்று. தன் உள்ளங்கையைப் பார்த்தபடி பிரெஞ்சில் நெடுநேரம் கதைத்துவிட்டு ரெலிபோனை வைத்தாள்.

"என்னவாம்?"

"வேற ஆரும் தொட்டவையோ எண்டு கேட்டவ." அவள் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தாள். "ஞாயிறு பின்னேரம் ஒரு வௌவால் குட்டி மரத்தடியில விழுந்து கிடந்தது. தாயில்லாமச் செத்துப்போகும் எண்டு நான்தான் வெறுங்கையால தூக்கி மரத்தில விட்டனான். சொன்னா நீங்கள் மரத்தை வெட்டுவிப்பீங்கள் எண்டு பயந்துபோனன். ரெண்டு பேரையும் இப்பவே ஊசி போட வரட்டாம்."

அருமைநாதன் தன் விரலை மறந்துபோனார். மகளின் கையைப் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறலும் தெரியவில்லை. காயம் தெரியாட்டியும் என்று அவளே சற்று முன் வாசித்திருந்தாள்.