அணிந்துரை எழுதியவர் மண்ணில் இறங்கிய விவரம்

‘ஒன்பதாம் மதகு’ படம் வெளியான வெள்ளிக்கிழமை, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் அனந்தநாராயணன் முழங்காலுக்கு மேல் மண்ணுக்குள் இறங்கியிருந்தார். அந்த வாரம் நன்னிலத்தில் குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் ஈரத்தோடு கிடந்தது, தேங்காய் விலை ஏறியிருந்தது, ஒரு நிழற்குடைக்கு மூன்றாம் முறையாகத் திறப்பு விழா நடந்தது. பேராசிரியர் இறங்கியது இவற்றுக்கு அடுத்தபடியாகப் பேசப்பட்டது. நடமாட்டத்துக்குக் குறைவில்லை. சேற்று வயலில் நடப்பவர்போல் ஒவ்வொரு காலாக இழுத்து வைத்து நடப்பார். மண்ணோ சிமெண்டோ மொசைக்கோ அவருக்கு வழிவிட்டு, கடந்ததும் கீறல் இல்லாமல் மூடிக்கொள்ளும். டாக்டர் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீடு கட்டிய கொத்தனார் வந்து தட்டிப் பார்த்து, தரையில் குறையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். குறை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் ஊரில் இரண்டு பேர்தான். ஒருவர் அவர், இன்னொருவர் அவர் மனைவி மதுரம்.

அனந்தநாராயணன் அந்த வட்டாரத்தில் அணிந்துரைக்குப் பேர்போனவர். கவிதையோ, கோயில் தலவரலாறோ, சர்க்கரை நோய்க்கு இயற்கை வைத்தியமோ, நன்னிலத்துக்கும் கடற்கரைக்கும் இடையில் யார் புத்தகம் போட்டாலும் முதல் நான்கு பக்கம் அவருடையது. அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். முதல் பக்கம், கடைசிப் பக்கம், நடுவில் கண்ணை மூடி விரல் வைத்த பக்கம். மூன்றையும் படித்துவிட்டுக் காபி கேட்பார். காபி ஆறுவதற்குள் எழுதி முடித்துவிடுவார். அணிந்துரை எழுதுகிறவர்கள் இதைவிட அதிகம் படிப்பதில்லை என்பதும், கேட்டு வருகிறவர்கள் அதை எதிர்பார்ப்பதில்லை என்பதும் இலக்கிய உலகில் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத சங்கதி. பெயருக்கு முன்னால் முனைவரும் பின்னால் மேனாள் துறைத்தலைவரும் இருந்தால் போதும், நடுவில் என்ன இருந்தாலும் அச்சாகும்.

தரங்கம்பாடி மலர்கொடிக்கு மட்டும் இந்த வழக்கம் தெரியாது. அவள் மீன் ஏற்றுமதிக்கு ஐஸ் கொடுக்கும் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு மர்ம நாவல் எழுதி முடித்திருந்தாள். அதைக் கட்டாக அச்செடுத்து, அப்பா நாகநாதனோடு பஸ் ஏறி வந்தாள். நாகநாதன் கடலுக்குப் போகிறவர். ஐயர் வீட்டுக்கு மீன் எடுத்துப்போக முடியாது என்று மகள் சொல்லிவிட்டதால், வழியில் ஒரு பூசணிக்காய் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அவள் அணிந்துரை கேட்கவில்லை. முழுதாகப் படித்து எங்கெங்கே தப்பு என்று சொன்னால் போதும், தங்கள் பக்கத்தில் படித்துச் சொல்ல ஆளில்லை என்றாள். ஆகட்டும் என்று பேராசிரியர் பெரிய மனதோடு ஒப்புக்கொண்டார். பூசணிக்காய் அன்றைக்கே சாம்பாரானது. நாவல் மறுநாள் காபியோடு முடிந்தது. தப்பு ஒன்றும் இல்லை என்று சொல்லி, கேட்காத அணிந்துரையையும் சேர்த்து அனுப்பினார்.

அவர் படித்த மூன்று பக்கங்களிலும் சாம்பமூர்த்தி என்று ஒருவர் வந்தார். பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வுபெற்றவர். முதல் பக்கத்தில் வாய்க்கால் கரையில் பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாய் கொடுத்தார். நடுப் பக்கத்தில் ஒரு சாவு வீட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கடைசிப் பக்கத்தில், பழைய நினைவு ஒன்றில், ஒரு சிறுவனைத் தோளில் ஏற்றி வாய்க்காலைக் கடந்தார். ‘சாம்பமூர்த்தி போன்ற ஓர் உயிர் டெல்டாவில் நடமாடும்வரை காவிரி வற்றாது’ என்று அனந்தநாராயணன் எழுதிக் கையெழுத்திட்டார். நாவலில் மூன்று பேரைக் கொன்றவர் சாம்பமூர்த்தி.

புத்தகம் விற்றதே அதனால்தான். அணிந்துரையை நம்பிய வாசகர்கள் கடைசிவரை ஓவர்சியரைச் சந்தேகிக்கவில்லை. உண்மை தெரிந்ததும், அணிந்துரையிலேயே ஏமாற்றத் தொடங்கிவிட்டார்களே என்று வாய்பிளந்து, ஆளுக்கு இன்னொருவருக்கு வாங்கிக் கொடுத்தார்கள். கல்யாண வீடுகளில் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதிலாக அந்த நாவலைப் போட்டார்கள். யூடியூப் விமர்சகர்கள், உலகத்திலேயே கொலைக்கு உடந்தையான முதல் அணிந்துரை இதுதான் என்று விரலை ஆட்டிச் சொன்னார்கள். தஞ்சாவூரில் ஒரு மேடையில் இதையே ஒரு துணைவேந்தர் சொன்னபோது, அனந்தநாராயணன் மறுக்க வாயெடுத்தார். கைதட்டல் எழுந்தது. அது அடங்கட்டும் என்று காத்திருந்தார். அடங்கியபோது அவர் வாய் மூடியிருந்தது. செருப்போடு பாதம் மேடைப் பலகைக்குள் போனது அப்போதுதான்.

அதன்பிறகு ஒரு ஒழுங்கு ஏற்பட்டது. யாராவது மனமாரப் பாராட்டினால் ஒரு விரல்கடை, அதாவது ஒரு விரல் அகலம், இறங்குவார். போனில் பாராட்டினாலும் இறங்குவார். வாட்ஸப்பில் வரும் கும்பிடு பொம்மைகளுக்கு இறங்குவதில்லை. மண்ணுக்கும் ஒரு தரம் உண்டு. சென்னையிலிருந்து வசிஷ்ட் என்ற இயக்குநர் வந்து நாவலைப் படமாக்க எடுத்துக்கொண்டார். படம் தொடங்கும்போது அணிந்துரையைப் பேராசிரியரே தம் குரலில் வாசிக்க வேண்டும், இருட்டில், பின்னால் தண்ணீர்ச் சத்தத்தோடு, என்றார். ஒலிப்பதிவு மூன்றாவது மாடியில் நடந்தது. இரண்டாவது மாடியில் அழகுக்கலை வகுப்பு நடத்திய ஸ்ரீவித்யா என்ற பெண், திடீரெனக் கூரையிலிருந்து தொங்கிய இரண்டு பாதங்களைப் பார்த்து, குதிகால் வெடிப்பை எப்படிச் சரிசெய்வது என்று மாணவிகளுக்கு அவற்றை வைத்தே விளக்கினார். மேலே வசிஷ்ட், சார் நீங்கள் ஒரு லெஜண்ட் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கீழே மாணவிகளுக்கு இப்போது கணுக்காலும் தெரிந்தது.

படம் ஓடியது. தொலைக்காட்சியில் மலர்கொடியிடம், அணிந்துரை நீங்கள் இருவரும் சேர்ந்து போட்ட திட்டம்தானே என்று கேட்டார்கள். அவள், ஆமாம், பேசி வைத்துக்கொண்டுதான் செய்தோம் என்றாள். மதுரம் டிவியை அணைத்துவிட்டு, தொடைவரை தரைக்குள் இறங்கி, தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு நின்ற கணவரைப் பார்த்தாள்.

“ஏன்னா, அந்தப் பொண்ணு உங்க மானத்துக்காகப் பொய் சொல்றது. இப்பவாவது அந்தப் புஸ்தகத்தைப் பிரிச்சேளா?”

பிரிக்கவில்லை. பிரித்தால், இத்தனை நாள் பிரிக்கவில்லை என்பது அவருக்கே உறுதியாகிவிடும். அதற்குப் பதிலாக யாரிடமாவது உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடலாம் என்று, படம் ஓடிக்கொண்டிருந்த தியேட்டரின் முதலாளி மீரா உசேனிடம் போனார். மீரா உசேன் இருபத்தைந்தாம் நாள் விழாவுக்கு நாற்காலி சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாவலை நான் படிக்கவே இல்லை, மூன்று பக்கம் பார்த்து எழுதினேன் என்று அனந்தநாராயணன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். மீரா உசேன் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

“படம் வந்து இருபது நாளாச்சு சார். இன்னும் சஸ்பென்ஸை விட மாட்டேங்கிறீங்களே. நீங்க மனுஷனே இல்ல, மகான்.”

மகான் என்ற சொல்லுக்கு நான்கு விரல்கடை. வீட்டுக்கு வந்தபோது வாசல்படி அவர் இடுப்பில் இடித்தது. மதுரம் ரவிக்கைக்கு அளவெடுக்கும் டேப்பைக் கொண்டுவந்து மிச்சமிருந்த கணவரை அளந்தாள். விழா அழைப்பிதழில் வாழ்த்துரை வழங்குபவர்கள் இரண்டு பத்தியாக இருந்தார்கள். ஆளுக்கு ஒரு விரல்கடை என்று வைத்தாலும், நன்றியுரை சொல்லும்போது உச்சிக்குடுமி வைத்திருந்தால் அதுமட்டும் தெரியும். போகாமல் இருந்துவிடலாமா என்றார் அவர். போகாவிட்டால் பெருந்தன்மை என்பார்கள், அதற்கு எத்தனை விரல்கடையோ என்று மதுரம் சொல்லி, புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் தரையில் வைத்தாள்.

“போறதுன்னா போங்கோ. படிச்சுட்டுப் போங்கோ.”

தரையே மேஜை உயரத்தில் இருந்ததால் படிக்க வசதியாகத்தான் இருந்தது. முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். கதை இதுதான். ஒன்பதாம் மதகின் ஷட்டர் துருப்பிடித்திருக்கிறதா என்று நேரில் பார்த்துச் சான்று கொடுக்க வேண்டியவர் சாம்பமூர்த்தி. அவர் போகவில்லை. நல்ல நிலையில் உள்ளது என்று வீட்டிலிருந்தபடியே கையெழுத்துப் போட்டார். தண்ணீர் வந்த அன்று ஷட்டர் உடைந்து, அவர் தோளில் ஏற்றிக் கடந்த அதே சிறுவன் தண்ணீரோடு போய்விட்டான். அவர் மதகைப் பார்க்கவே இல்லை என்று தெரிந்த மூன்று பேரைத்தான் ஒவ்வொருவராகக் கொன்றார். பிடிபட்டபோது, ஏன் போய்ப் பார்க்கவில்லை என்று கேட்கிறார்கள். வெயிலாக இருந்தது என்கிறார்.

அதற்குப் பின்னால்தான் மதகு உடைந்த நாள் நினைவாக வருகிறது; அந்த இடத்தில் அனந்தநாராயணன் புத்தகத்தை மூடினார். ஒரு பெண் இதை எழுதிக் கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்து, தன்னிடமே கொடுத்திருக்கிறாள். நாமும் வீட்டிலிருந்தபடியே நல்ல நிலையில் உள்ளது என்று எழுதியிருக்கிறோம். வெயில்கூட இல்லை, காபி ஆறிவிடும் என்றுதான். மதுரம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தரை ஒரு விரல்கூட அவரை மேலே விடவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி எடுத்து, விட்ட இடத்திலிருந்து முடித்தார்.

விழாவில் எதிர்பார்த்ததுதான் நடந்தது. முதல் மாலைக்கே இடுப்பு மறைந்தது. வாழ்த்துரைகளில் வயிறும் மார்பும் போயின. வசிஷ்ட் கண்கலங்கிப் பேசியதில் கைகளை மேடைமேல் விரித்து வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கழுத்திலிருந்த மாலைகள் தோசைக்கல்லைச் சுற்றிய எண்ணெய்போல மேடையில் வட்டமாகப் பரவிக் கிடந்தன. ஏற்புரைக்கு மைக்கைத் தரையில் படுக்க வைத்தார்கள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். மூன்று பக்கம், விரல், காபி, பூசணிக்காய் சாம்பார் உட்பட. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இப்படி ஒரு அடக்கத்தை இந்தக் காலத்தில் பார்க்க முடியுமா என்று முன்வரிசையில் ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார் அழுதார். மேடைப் பலகை அனந்தநாராயணனின் மோவாயைத் தொட்டது. வாழ்த்த இன்னும் இரண்டு பேர் பாக்கி இருந்தார்கள்.

அப்போது மலர்கொடி தன் நாற்காலியை விட்டு எழுந்து வந்தாள். வயலில் நடப்பதுபோல் ஒவ்வொரு காலாக இழுத்து வைத்து வந்தாள். புடவைக் கரை மேடையைக் கூட்டிக்கொண்டு வந்ததால் யாரும் கவனிக்கவில்லை. மோவாய்வரை இறங்கியிருந்தவருக்கு மட்டும் அவள் பாதங்கள் பலகைக்குள் இருப்பது தெரிந்தது. டிவியில் ஆமாம் என்று சொன்ன அன்றிலிருந்து. அவள் அவர் தலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீங்க படிக்கலைன்னு அணிந்துரையைப் பார்த்த அன்னிக்கே தெரியும் சார். புத்தகம் வரட்டும்னு விட்டுட்டேன். அது என் தப்பு. இப்பவாவது படிச்சீங்களா?”

“படிச்சேம்மா.”

“எப்படி இருந்துச்சு?”

மைக் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. கூட்டம் அமைதியாகி, மேதை என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தது. இந்தக் கேள்விக்கு அனந்தநாராயணன் வாழ்நாளில் எத்தனையோ முறை பதில் சொல்லியிருக்கிறார்; ஒருமுறைகூட யோசித்ததில்லை. இப்போது யோசித்தார்.

“பதினாலாம் அத்தியாயம் ரொம்ப இழுக்கறது. அதை எடுத்துட்டா ஒண்ணும் குறையாது. சாவு வீட்டுக்குக் குடை வெயிலுக்குக் கொண்டுவந்ததா மழைக்கான்னு ரெண்டு இடத்துல ரெண்டு விதமா இருக்கு. மூணாவது கொலைக்குக் காரணம் போறலை. மதகு உடையற இடத்துல என்னால மேல படிக்க முடியலை. மூடி வச்சுட்டேன்.”

பின்வரிசையில் ஒருவர் எழுந்து, பொம்பளைப் பிள்ளையை மேடையில் உட்கார வைத்து அவமானப்படுத்துகிறாயா, அந்தப் புத்தகத்தால்தான் உனக்குச் சோறு என்று கத்தினார். அவர் நாவலைப் படித்ததில்லை, படம் மூன்று முறை பார்த்திருந்தார். தோள் வெளியே வந்தது. விசில் கிளம்பியது. மார்பு வந்தது. தாசில்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படித்த திமிர் என்றார். வயிறு முழுதாக வந்தது. இந்தக் கூச்சலில் மலர்கொடி முன்னால் குனிந்து, மூன்றாவது கொலைக்கு வேறு என்ன காரணம் வைக்கலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதினாலாம் அத்தியாயம் அவளுக்கும் பிடிக்கவில்லையாம். அதைச் சொல்ல ஒரு ஆள் கிடைக்கவில்லையாம். மாலைகளை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். மீரா உசேன் விளக்கை அணைக்கச் சொன்ன பிறகும் இருவரும் குடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

முழங்கால் மட்டத்தில் அனந்தநாராயணன் நின்றுவிட்டார். அதற்கு மேல் வரவில்லை. படம் இன்னும் செல்போன்களில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் அவர் குரலும் இருக்கிறது. மலர்கொடி உண்மையைச் சொன்ன துணிச்சலை ஒரு வாரப் பத்திரிகை புகழ்ந்துவிட்டதால் அவளும் கணுக்கால் அளவிலேயே இருக்கிறாள். இரண்டாம் பதிப்பில் பதினாலாம் அத்தியாயம் இல்லை, அணிந்துரையும் இல்லை, விற்பனை பாதியானது. இப்போதும் சிலர் விவரம் தெரியாமல் அவரிடம் கையெழுத்துப் பிரதியோடு வருகிறார்கள். அவர் முழுதாகப் படித்துக் குறை சொல்கிறார். வந்தவர்கள் முகம் சுண்டித் திரும்பிப் போகிறார்கள். தெருவில் யாராவது வணக்கம் வைத்தால் அவர் முகம் இன்னும் சிவந்துதான் போகிறது. மதுரம் அவருடைய வேட்டிகளை எல்லாம் முழங்காலோடு நறுக்கி ஓரம் தைத்துவிட்டாள். மிச்சமான துண்டுகள் அடுப்படிக்குக் கைப்பிடித் துணியாயின.