வழியை அடைத்தவள்

பம்பு செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவளுக்கு 'மெயிலம்மா' என்றே பேர் நிலைத்துவிட்டது. ஜாவா கணினி மொழியில் அவள் எழுதிய நிரல் அப்படி. ஒரு ஃபோல்டரில் கோப்பு விழுந்தால் போதும். அதை எடுத்து, உரியவரின் முகவரி பார்த்து, மின்னஞ்சலாகத் தானே அனுப்பிவிடும். ஷிப்டு மாற்றம், லீவு அனுமதி எல்லாம் அந்த வழியில்தான் போயின. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

ஒருநாள் காலை மேலாளர் அவள் மேசைக்கே வந்தார்.

"புதுசா கொஞ்சம் கோப்பு வச்சிருக்கேன். சாப்பாட்டு மணி அடிச்சதும் அனுப்பிடும்மா."

சரிபார்க்க ஒன்றைத் திறந்தாள். 'நாளை முதல் தங்கள் பணி தேவையில்லை.' அடுத்ததும் அதேதான். வார்ப்புப் பட்டறையில் பாதிப் பேருக்கு. விசைப்பலகையில் ஏதோ தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"இது போகாது சார்."

"ஏன், பழுதா?"

"பழுதெல்லாம் இல்ல. நான் நிறுத்திட்டேன். உலைக்கு முன்னாடி வருஷக்கணக்கா வெந்தவங்க சார். கீழ போய் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

"உன் பேருக்கும் ஒரு கோப்பு போட எனக்கு எவ்வளவு நேரமாகும்?"

"தாராளமா போடுங்க. ஆனா நேர்லதான் கொண்டுவந்து குடுக்கணும். வழி அடைச்சிருக்கு."

பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை இருமலாக்கி விழுங்கினார். மேலாளர் அவர் பக்கம் திரும்பினார்.

"நீ திறந்துவிடுய்யா."

"எனக்கு அது தெரியாதே சார்" என்று அவர் கையை விரித்தார். அவளோடு உட்கார்ந்து அந்த நிரலை எழுதியவரே அவர்தான்.

வேறு வழியில்லாமல் மேலாளர் பட்டறைக்கு இறங்கினார். அவளும் பின்னாலேயே போனாள். ஆர்டர் இல்லை, அதனால் ஆட்குறைப்பு என்று அவர் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்ததும், அச்சு வார்க்கும் அக்கா முன்னால் வந்தாள்.

"ஆர்டர் இல்லைங்கிறீங்க. அப்புறம் எதுக்கு எங்களை ஞாயித்துக்கிழமையும் வரச் சொன்னீங்க?"

அவர் மாடிப்படிப் பக்கம் நகர்ந்தார். யாரும் வேலைக்குத் திரும்பவில்லை. உலைகள் ஆறத் தொடங்கியபின் முதலாளியே ஓடிவந்தார். பேச்சு முற்றி, இறங்கி, கடைசியில் எல்லாருக்கும் ஷிப்டைக் குறைப்பது, ஒருவரையும் அனுப்புவதில்லை என்று முடிந்தது.

மெயிலம்மாவைக் கீழே கிடங்குக்கு மாற்றினார்கள். கிளம்பும்போது மேலாளர் கடவுச்சொல்லைக் கேட்டார். மறைக்காமல் கொடுத்தாள்.

"வச்சுக்கங்க சார். அந்த மாதிரிக் கோப்பு திரும்ப விழுந்தா, நிறுத்த மாடியேறி வருவேன்."